சோலாரில் யூனிட் குறைகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி: சென்னை மொட்டை மாடிகளுக்கு

சென்னையில் சோலார் போட்டவர்கள் யூனிட் குறைந்தால் முதலில் சந்தேகப்படுவது பேனலின் சாய்வைத்தான். பெரும்பாலும் சாய்வு நிரபராதி. நிழல், அழுக்கு, வயரிங், மின்வாரிய லைனின் வோல்டேஜ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். சாய்வை மாற்றுவது என்றால் பேனலைத் தாங்கும் இரும்புக் கால்களை அறுக்கணும், வெல்டிங் வைக்கணும், கூலி கொடுக்கணும். அதில் கிடைப்பதோ பல வீடுகளில் நாளுக்கு அரை யூனிட் கூடத் தேறாது. ஆனால் சாய்வோ திசையோ நிஜமாகவே தப்பாகப் போன வீடுகளும் உண்டு. அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் வருட சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் பன்னிரண்டு. இது சராசரிதான், தினசரி வாக்குறுதி இல்லை. மார்ச் மாதத்தில் வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் மூன்று கிலோவாட் பதினைந்தைத் தொடும். நவம்பரில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நின்றால் மூன்றோடு முடிந்துவிடும். அதனால் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்தும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால்தான் தேட வேண்டிய விஷயம் இருக்கிறது.

அப்புறம் சூரியன் நம் ஊரில் எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சென்னை வடக்கு அட்சரேகை 13 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் 22ஐ ஒட்டி நண்பகல் சூரியன் உச்சந்தலையிலிருந்து தெற்கே 36 டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கும். பிறகு மெல்ல மெல்ல மேலேறி ஏப்ரல் 24 வாக்கில் தலைக்கு நேர் மேலே வரும். அன்று நண்பகலில் செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழலே விழாது. அதோடு நிற்காமல் உச்சியைத் தாண்டி வடக்கே போகும். ஜூன் 21 அன்று வடக்குப் பக்கம் பத்து டிகிரி. ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்கும். அதாவது கத்திரி வெயில் காலம் முழுக்க நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு வடஇந்தியாவுக்கு எழுதிய கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து போடுவதால்தான் பாதிக் குழப்பம்.

இங்கே பொருத்தமான சாய்வு தெற்கு நோக்கிப் பத்திலிருந்து பதினைந்து டிகிரி. நான் பத்து, பன்னிரண்டு பக்கம் நிற்பவன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி அறிகுறிகள். பேனல் தரும் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் பெட்டிதான் இன்வர்ட்டர். அதன் மொபைல் ஆப்பில் அன்றைய உற்பத்தி வளைவு இருக்கும். மேகம் இல்லாத ஒரு நாளின் வளைவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கோயில் மணி மாதிரி வழவழப்பாக ஏறி இறங்கினால் நல்லது. எங்கே கோணலோ அங்கே காரணம்.

தினமும் ஒரே நேரத்தில் வளைவில் பள்ளம் விழுகிறது

இது நிழல். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மேகம் நேரம் பார்த்து வராது. தண்ணித் தொட்டியின் நிழல் நேரம் தவறாமல் வரும்.

சென்னையில் இந்த அறிகுறிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் கன்னி மூலைதான், அதாவது தென்மேற்குதான், உயரமாக இருக்க வேண்டும் என்று மேல்நிலைத் தொட்டியை அங்கே தூக்கி வைத்திருப்பார்கள். மாடிப்படி ஹெட்ரூமும் பல வீடுகளில் அதே பக்கம். ஹெட்ரூமுக்கு மேலே தொட்டி. மொத்தம் பதினாறு, பதினேழு அடி வந்துவிடும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் சூரியன் தென்மேற்கில் ஏறத்தாழ 33 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது நிழல் பொருளின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளும். பதினாறு அடித் தொட்டிக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து அடி நிழல், அதுவும் வடகிழக்கு நோக்கி, மாடியின் நட்ட நடுவில். பேனல் போட ஆள் ஜூலையில் வந்து அளவெடுத்திருந்தால் அந்த நிழல் அவர் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

இன்னொரு விஷயம். "வடக்குப் பக்கம் எது இருந்தாலும் கவலை இல்லை, நிழல் விழாது" என்று சொல்வார்கள். டெல்லியில் அது பெருமளவு சரி. இங்கே சரியில்லை. ஜூன் மாதக் காலையில் எட்டு மணிக்குச் சூரியன் கிழக்குக்கு வடக்கே இருபது டிகிரி தள்ளி இருக்கும். பத்து அடி உயர ஹெட்ரூம் பேனலுக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருந்தால் அதன் நிழல் தெற்கே ஐந்தடி வரை பேனல் மேல் ஏறும். மாலையிலும் அதே கதை. கோடையில் காலையும் மாலையும் யூனிட் குறைகிறது, டிசம்பரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் வடக்கே திரும்பிப் பாருங்கள்.

நிழல் சின்னதாகத்தானே விழுகிறது என்று விட்டுவிடக் கூடாது. ஒரு ஸ்டிரிங்கில் பேனல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றின் வழியாகவும் ஓட வேண்டும். பேனலில் கட்டம் கட்டமாகத் தெரியும் செல்களில் ஒன்றை நிழல் மூடினால் அதன் குழு முழுவதும் அடைபடும். இதற்காகவே ஒவ்வொரு பேனலின் பின்னாலும் பெட்டிக்குள் பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன, வழக்கமாக மூன்று. நிழல் விழுந்த குழுவைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போய்விடும். அதாவது உள்ளங்கை அகல நிழல் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். பழைய முழு செல் பேனலைக் குட்டைப் பக்கம் கீழே வருமாறு நெட்டுவாக்கில் வைத்து, அதன் கீழ் விளிம்பு முழுக்க நிழல் விழுந்தால் மூன்று குழுவும் போய் அந்தப் பேனல் சும்மா கிடக்கும். இப்போது வரும் ஹாஃப் கட் பேனலில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாக வேலை செய்வதால் பாதியாவது தேறும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஆப்பில் பள்ளம் எத்தனை மணிக்கு விழுகிறது என்று பார்த்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் மாடிக்குப் போங்கள். குற்றவாளி அங்கேயே படுத்திருக்கும். தொட்டி இல்லை என்றால் தென்னை ஓலை. ஓலை இல்லை என்றால் டிஷ் ஆன்டெனா, இடிதாங்கிக் கம்பம், பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக எழுப்பிய மாடி. துணி காயப்போடும் கயிற்றில் தொங்கும் போர்வையைக் கூடப் பார்த்திருக்கிறேன். அதற்கு இன்ஜினியர் வேண்டாம், கயிற்றை நாலடி தள்ளிக் கட்டினால் போதும்.

தொட்டியை நகர்த்த முடியாது என்றால் பேனலை நகர்த்த முடியுமா பாருங்கள். கன்னி மூலைத் தொட்டி உள்ள வீட்டில் பேனலுக்கு நல்ல இடம் கிழக்கு ஓரமும் தென்கிழக்கும். நகர்த்தவும் வழியில்லை என்றால் நிழல் விழும் ஒன்றிரண்டு பேனலுக்கு மட்டும் ஆப்டிமைசர், அதாவது அந்தப் பேனலைத் தனியாகக் கட்டுப்படுத்தும் சின்ன மின்னணுப் பெட்டி, மாட்டலாம். அவை தடுமாறினாலும் மற்றவற்றை இழுக்காது. ஆனால் உங்கள் இன்வர்ட்டரோடு அது ஒத்துப்போகுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு பேனலைக் கழற்றி வேறு இடத்தில் வைத்தாலே தீரும் பிரச்சினைக்கு அதன் விலை அதிகம் என்பது என் எண்ணம்.

வளைவு அழகாக இருக்கிறது, ஆனால் உச்சி நண்பகலில் இல்லை

இது திசை. சென்னையில் சூரியன் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு வருவதில்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் 80.3 டிகிரியில், அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்குத்தான் உச்சி. பிப்ரவரியில் 12.23 வரை தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 11.53க்கே வந்துவிடும். உங்கள் வளைவின் உச்சி இதை ஒட்டி இருந்தால் பேனல் தெற்கைப் பார்க்கிறது. பதினொன்றரைக்கு முன்பே உச்சி வந்தால் கிழக்கே திரும்பியிருக்கிறது. ஒரு மணிக்குப் பிறகு வந்தால் மேற்கே.

திரும்பியிருந்தால் என்ன நஷ்டம்? சாய்வு பத்து டிகிரி மாதிரி குறைவாக இருக்கும்போது தெற்கிலிருந்து இருபது, முப்பது டிகிரி விலகினாலும் வருடக் கணக்கில் ஒரு சதவீதத்தைத் தொடாது. நேர் கிழக்கையோ மேற்கையோ பார்த்தால்கூட இரண்டு, மூன்று சதவீதம்தான். அதனால் மனை கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்பதற்காகப் பேனல் வரிசையை மாடியில் குறுக்காகத் திருப்பி வைத்து இடத்தை வீணாக்காதீர்கள். கைப்பிடிச் சுவருக்கு இணையாகவே வையுங்கள்.

கிழக்கா மேற்கா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நான் கிழக்கைச் சொல்வேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் காலை பளிச்சென்று விடியும், மதியத்துக்கு மேல்தான் மேகம் திரண்டு சாயங்காலம் இடி மழை வரும். காலை வெயிலைப் பிடிப்பவர்களுக்கு லாபம்.

வடக்கு மட்டும் வேறு. பத்து டிகிரி வடக்கே சாய்ந்தால் தெற்கோடு ஒப்பிடும்போது ஐந்தாறு சதவீதம் போகும். இருபதைத் தாண்டினால் இழப்பு ஒரேயடியாகக் கூடிவிடும். ஓட்டு வீடு, ஷீட் கூரை என்று வடக்குச் சரிவு மட்டுமே கிடைத்தால் கூரையோடு ஒட்டியே போட்டுவிட்டு அந்த இழப்பை ஏற்றுக்கொள்வது நல்லது. எதிர்த்திசையில் தூக்கி நிறுத்தினால் காற்று பிடுங்கிவிடும்.

திசை பார்க்க மொபைல் காம்பஸைப் பேனலைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், அது ஜி.ஐ. குழாயைத்தான் காட்டும். பத்தடி தள்ளி நில்லுங்கள். சென்னையில் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள்தான், அதைக் கழிக்கவே வேண்டாம். இதைவிட நல்ல வழி, மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து வடக்கை மேலே வைத்து உங்கள் வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது. எதையும் நம்பாதவர்கள் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்க விடலாம். அன்றைய சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் சரியான நடு நேரத்தில் அந்த நூலின் நிழல் வடக்கு தெற்காகக் கிடக்கும். மே முதல் ஆகஸ்ட் முதல் வாரம் வரை நிழல் தெற்குப் பக்கம் விழும், குழம்ப வேண்டாம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நிழலே இருக்காது என்பதால் அப்போது இந்த வித்தை பலிக்காது.

டிசம்பர், ஜனவரியில் நன்றாக இருக்கிறது. மே, ஜூனில் எதிர்பார்த்தது வரவில்லை

இங்கேதான் சாய்வு நிஜமான குற்றவாளியாக இருக்கலாம். பேனல் அதிகமாக நிமிர்ந்து நிற்கிறது.

மடிப்பாக்கத்தில் ஒரு மாடியில் இப்படி ஒன்றைப் பார்த்தேன். பின் கால் இடுப்பளவு, முன் கால் கணுக்கால் அளவு. அளந்தால் 25 டிகிரி. ஸ்ட்ரக்சர் செய்து தரும் ஃபேப்ரிகேட்டரிடம் கேட்டதற்கு, "எல்லா சைட்டுக்கும் இதே கால்தான் சார் வரும், கட் பண்ணியே அனுப்புறாங்க" என்றார். சாய்வு ஊரின் அட்சரேகையை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. டெல்லி 28 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, அங்கே அந்தக் கால் சரி. இங்கே ஜூன் நண்பகலில் 25 டிகிரி பேனல் மேல் வெயில் 35 டிகிரி கோணலாக விழும். நேர் வெயிலில் பதினெட்டு சதவீதம் அங்கேயே போச்சு. பன்னிரண்டு டிகிரி என்றால் ஏழெட்டு சதவீதம்தான் போகும்.

டிசம்பரில் 25 டிகிரிக்கு லாபம் இருக்கிறதே என்று கேட்கலாம். கணக்கில் இருக்கிறது. ஆனால் அந்தச் சாய்வு பலன் தர வேண்டிய நவம்பரும் டிசம்பரும்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். வானம் மூடியிருக்கும்போது வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் பரவலாக வரும், பேனல் எந்தக் கோணத்தில் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. படுத்திருக்கும் பேனலுக்குத்தான் வானம் அதிகம் தெரியும். அட்சரேகைக்குச் சமமான 13ஐ விடக் கொஞ்சம் குறைவாகவே வைக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் 25 டிகிரியில் போட்டுவிட்டீர்கள் என்றால் பதறி அறுக்க வேண்டாம். வருட மொத்தத்தில் சில சதவீதம்தான் இழப்பு. மூன்று கிலோவாட்டுக்கு நாளைக்கு அரை யூனிட் கூட இல்லை. வேறு காரணத்துக்காக ஸ்ட்ரக்சரில் கை வைக்கும்போது சேர்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்காகக் குறைப்பது என்றால் அது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

நேர்மாறாக, மேயில் நன்றாக இருந்து ஜனவரி வெயிலில் ஏமாற்றினால் பேனல் கிட்டத்தட்ட தரையோடு படுத்திருக்கிறது அல்லது வடக்கே சாய்ந்திருக்கிறது.

சாய்வை அளக்க மொபைலில் லெவல் காட்டும் ஆப் போதும். கண்ணாடி மேல் வைக்காமல் அலுமினிய ஃபிரேமின் பக்க விளிம்பில் வையுங்கள். ரசமட்டம் இருந்தால் இன்னும் துல்லியம்: ரசமட்டத்தைச் சமமாகப் பிடித்து, ஒரு மீட்டர் தூரத்துக்கு பேனல் எவ்வளவு உயர்கிறது என்று டேப்பில் பாருங்கள். 18 செ.மீ. உயர்ந்தால் பத்து டிகிரி, 21 என்றால் பன்னிரண்டு, 27 என்றால் பதினைந்து.

வருடத்துக்கு இரண்டு தடவை சாய்வை மாற்றினால் கூடுதலாகக் கிடைக்குமே என்று நட்டு போல்ட்டோடு காத்திருப்பவர்களும் உண்டு. சில சதவீதம் கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அசைகிற ஒவ்வொரு மூட்டும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கிற மூட்டு. திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் இருப்பவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

மாடியில் ஏற்கெனவே சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் சாய்வைப் பார்த்துப் பேனலை வைக்காதீர்கள். அதில் சூடான தண்ணீர் தானாக மேலே ஏற வேண்டும் என்பதற்காக நன்றாக நிமிர்த்தி வைத்திருப்பார்கள். பேனலுக்கு அந்த அவசியம் இல்லை.

மழை பெய்த மறுநாள் ஏறுகிறது, இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது

அழுக்கு. இங்கேயும் சாய்வுக்கு ஒரு பங்கு இருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கமாக. ஐந்து டிகிரிக்குக் கீழே படுக்க வைத்தால் மழை பேனலைக் கழுவாது, ஊறத்தான் வைக்கும்.

கிட்டப் போய்க் கீழ் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடி முடிந்து அலுமினிய ஃபிரேம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் திட்டு இருக்கும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர். தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்கிக் காயும். காய்ந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு. அடுத்த மழையில் அதன் மேல் இன்னொரு கோடு. நாலு மாதத்தில் அது ஒரு விரல் அகலத்துக்கு வளர்ந்து கடைசி வரிசை செல்களின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பேனலின் மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஆனால் முன்னே சொன்ன டையோடு கணக்குப்படி அந்த ஒரு கோடு செய்யும் சேதம், பேனல் முழுக்கப் பரவிய மெல்லிய தூசியைவிட அதிகம். ஃபிரேமின் விளிம்பில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் வடிகால் கிளிப் கிடைக்கிறது. தேங்கும் தண்ணீரை அது வெளியே இழுத்துவிடும். விலை அதிகமில்லை. பத்து டிகிரிக்குக் குறைவாகப் போட்டிருப்பவர்கள் வாங்கி மாட்டலாம்.

கழுவும் தண்ணீர் முக்கியம். நம் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைப் படலம் விட்டுவிடும். ஆர்.ஓ.வில் வீணாகும் தண்ணீரைப் பேனலுக்கு ஊற்றுவதைச் சிக்கனம் என்று நினைத்துச் செய்கிறார்கள். அதில்தான் உப்பு இன்னும் கூடுதல். மெட்ரோ வாட்டர் அல்லது பிடித்து வைத்த மழைநீர், ஒரு மென்மையான மாப், விடியற்காலை. வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது. எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தேவைப்படும். மற்றவர்கள் மாதம் ஒரு முறையும், கூடவே காக்காய் எச்சம் விழுந்த அன்றும் கழுவினால் சரி. போகி முடிந்த மறுநாள் கட்டாயம். போகியன்று காலை புகைமூட்டத்தில் உற்பத்தி படுத்துவிட்டதே என்று இன்வர்ட்டர் கம்பெனிக்குப் போன் போட வேண்டாம்.

பின் வரிசை மட்டும் குறைவு

முன் வரிசை அதன் மேல் நிழல் போடுகிறது. டிசம்பர், ஜனவரிக் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் தெரியும். முன் வரிசைப் பேனலின் மேல் விளிம்பு, பின் வரிசையின் கீழ் விளிம்பைவிட எவ்வளவு உயரமோ, சென்னையில் குறைந்தது அதே அளவு இடைவெளி வேண்டும். அப்போதுதான் டிசம்பரிலும் ஒன்பதிலிருந்து மூன்று வரை நிழல் தொடாது. ஒன்றரை மடங்கு விட்டால் காலை எட்டு மணிக்கே தப்பிவிடும். 2.28 மீட்டர் நீளப் பேனலை நெட்டுவாக்கில் பன்னிரண்டு டிகிரி சாய்த்தால் உயரம் 47 செ.மீ.; எழுபது செ.மீ. இடைவெளி விட்டால் ஒரு ஆள் நுழைந்து கழுவவும் வசதி. அதே பேனல் 25 டிகிரி என்றால் உயரம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், இடைவெளி ஒன்றரை மீட்டர் கேட்கும். சின்ன மாடியில் சாய்வைக் குறைத்தால் இன்னும் ஒரு பேனல் நுழைந்துவிடும். சாய்வைத் திருத்திக் கிடைக்கும் இரண்டு சதவீதத்தைவிட அந்தக் கூடுதல் பேனல் எவ்வளவோ மேல்.

ஒரு ஸ்டிரிங் மட்டும் நாள் முழுக்க மந்தம்

கிழக்கே நாலு, மேற்கே நாலு என்று போட்டுவிட்டு எட்டையும் ஒரே தொடரில் கோத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காலையில் மேற்குப் பேனல்களும் மாலையில் கிழக்குப் பேனல்களும் மொத்த ஸ்டிரிங்கையும் கட்டிப்போடும். ஒரே ஸ்டிரிங்கில் ஒரே திசை, ஒரே சாய்வு. இரண்டு திசை என்றால் இரண்டு எம்.பி.பி.டி. உள்ளீடு (ஒவ்வொரு ஸ்டிரிங்கிலிருந்தும் அதிகபட்ச மின்சாரத்தைத் தனித்தனியாக எடுக்கும் வாசல்) இருக்கும் இன்வர்ட்டரில் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். திசை எல்லாம் ஒன்றுதான், ஆனாலும் மந்தம் என்றால் கனெக்டர் கருகியிருக்கலாம், பேனல் ஒன்று பழுதாகியிருக்கலாம். இதை நீங்கள் பிரித்துப் பார்க்காதீர்கள். எட்டுப் பேனல் தொடரில் நானூறு வோல்ட் டி.சி. ஓடுகிறது, ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி நின்று எரியும். இன்வர்ட்டரின் டி.சி. சுவிட்சை அணைக்கத் தெரிந்த, வயரைப் பிரிக்காமலே மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

சாய்வுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று

வளைவின் தலை கத்தியால் வெட்டியது போல் தட்டையாக இருந்தால் இன்வர்ட்டர் அதன் உச்ச அளவைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பேனல் நன்றாக இருக்கிறது என்பதற்கே அதுதான் சாட்சி.

வெயில் அடிக்கும்போதே சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடத்தில் மறுபடி ஏறினால், மின்வாரிய லைனில் வோல்டேஜ் எல்லை மீறி இன்வர்ட்டர் தானாக நிற்கிறது. திரையில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று வரும். தெருவில் சோலார் கூடிவிட்டாலும், வீட்டுக்கு வரும் கேபிள் மெல்லிசாக இருந்தாலும் இது நடக்கும். கரண்ட் போனால் சோலாரும் நிற்பது கோளாறு இல்லை, லைன்மேன் உயிருக்கான ஏற்பாடு.

மே மாத மதியத்தில் மூன்று கிலோவாட் பேனல் 2,400 வாட்டைத் தாண்டவில்லை, பிப்ரவரியில் தாண்டியது என்றால் அது சூடு. பேனலின் வாட் கணக்கு செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது எடுத்தது. கத்திரியில் செல் 65ஐத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் போகும் பேனல் என்றால் பதினாலு சதவீதம் ஆவியாகிவிட்டது. பேனலுக்கு அடியில் காற்று ஓட இடம் இருந்தால் கொஞ்சம் தணியும். தரையோடும் ஷீட்டோடும் ஒட்டிப் போட்டவற்றில்தான் இது மோசம். மாடியில் வடாம் காயவைக்க இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் தூக்கிப் போட்ட வீடுகளுக்கு இந்த விஷயத்தில் யோகம்.

புயலுக்குப் பிறகு குறைந்தது

அந்த எட்டடிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரவிதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து போனதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் எண் இல்லை. உயரமும் சாய்வும் கூடக் கூடக் காற்று அடியில் புகுந்து தூக்கும். தூக்கிப் போட்ட ஸ்ட்ரக்சர் என்றால் சாய்வு பத்துக்கு மேல் வேண்டாம் என்பேன். 25 டிகிரியை அறுக்கச் சொல்வேன் என்றால் அது இங்கேதான்.

புயல் கடந்ததும், மாடி காய்ந்த பிறகு, ஒவ்வொரு பேனலின் சாய்வையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். வரிசையில் ஒன்று மட்டும் ஒரு டிகிரி விலகியிருந்தால் யூனிட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பேனல்களைச் சேர்த்துப் பிடிக்கும் மிட் கிளாம்ப் நழுவியிருக்கிறது, அல்லது காலின் அடித்தகட்டில் ஆங்கர் போல்ட் தளர்ந்திருக்கிறது. கால்களைக் கையால் உலுக்குங்கள். கான்கிரீட் மேடையோடு சேர்ந்து அசைந்தால் உடனே ஆள் வர வேண்டும். போல்ட்டு தலையில் சிவப்பு வழிந்திருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டாக மாற்றச் சொல்லுங்கள். அறுத்த, துளை போட்ட இடங்களில் கால்வனைஸ் பூச்சு போயிருக்கும். அங்கே சாதாரண சில்வர் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், ஜிங்க் பெயின்ட்தான் வேண்டும் என்று நின்று வாங்கிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் செய்ய நல்ல மாதம் செப்டம்பர், பருவமழை தொடங்கும் முன்.